வீடு தேடி வரும் மருந்துப் பையில் தைராய்டு மாத்திரையும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். எனக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருக்கிறது. என் தங்கை மகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. உடம்பு எடையைக் குறைப்பது எப்படி என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். அவற்றில் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது கடைசியில் ஒரு வரிதான்: தைராய்டு, ஹார்மோன் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரை அணுகவும். அப்படி அணுகுவதற்குள் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதைச் சொல்லவும், அரசிடம் ஒன்று கேட்கவும் இதை எழுதுகிறேன்.

துணி கொடுக்க வருகிறவர்கள் கையோடு அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டு வருவார்கள். "இதே அளவுதானேம்மா?" என்று கேட்டால் பலருக்கு முகம் வாடிவிடும். "இல்லக்கா, இது இப்ப கையிலயே ஏற மாட்டேங்குது. டேப்பு வச்சே எடுத்துருங்க" என்பார்கள். டேப் வைக்கிற அந்த நேரத்தில்தான் மனசு திறக்கும். வாரிய சீப்பு நிறைய முடி வருவது, மாதவிலக்கு நிற்காமல் போவது அல்லது வராமலே இருப்பது, மார்கழியில் வீட்டில் யாருக்கும் இல்லாத அளவு குளிர்வது, விடிந்தும் எழுந்திருக்க முடியாத அசதி. வீட்டில் சொன்னால் என்ன பதில் வருகிறது என்றும் சொல்வார்கள். "தின்னுட்டுத் தூங்கினா உடம்பு போடத்தான் செய்யும்." மாந்தோப்பில் காய் பொறுக்கிவிட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, எல்லோரும் படுத்த பிறகு படுக்கிற பெண்ணைப் பார்த்துச் சொல்கிற பேச்சு இது.

தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் குறைகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன. எடை ஏறுகிறது. ஆனால் தைராய்டால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோவுக்குள்தான் இருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். எனக்கு ஏறியதோ 13 கிலோ. மாத்திரை ஆரம்பித்து ரத்தத்தில் அளவு சரியானதும் முக வீக்கம் வடிந்தது, மோதிரம் மறுபடி விரலில் சுற்றியது, நாலு கிலோ இறங்கியது. மிச்சம் அசையவில்லை. அசதியும் நடமாட்டக் குறைவும் நேரம் கெட்ட சாப்பாடும் சேர்ந்து ஏற்றிய எடை அது. அதை மாத்திரை இறக்காது. முதல் சீட்டு எழுதும்போதே இதை இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் பாதிக் கஷ்டம் இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லாததால் என்ன ஆகிறது? "மாத்திரை போட்டும் இளைக்கலையே" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் இளைக்கும் என்று நினைக்கிறார்கள். அளவுக்கு மீறினால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாள்பட்டால் எலும்பும் பலவீனமாகும். இந்த இரண்டு தரப்பையும் தேடி வருகிறவர்கள்தான் எடைக் குறைப்புப் பவுடர் விற்பவர்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண், இட்லி மாவு அரைத்து விற்றுச் சேர்த்த காசைக் கொடுத்துப் பவுடர் டப்பா வாங்கினார். "இதைக் குடிக்கிறப்ப இங்கிலீஷ் மருந்து எதுவும் வேணாம்" என்று சொன்னார்களாம். தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். முதலில் எடை கொஞ்சம் இறங்கியது; அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்தபோது கண் இமை தடித்திருந்தது, குரல் கட்டையாகிவிட்டிருந்தது, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. நானே அவரை டவுனுக்குக் கூட்டிப் போனேன். தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையின் அளவைப் பார்த்த டாக்டரம்மா, "இத்தனை நாள் எப்படிம்மா நடமாடினீங்க?" என்று கேட்டார். அப்படிப்பட்ட பவுடர்கள் பலவற்றில் சோயா இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாமல் அதோடு சேர்த்துக் குடித்தாலும், மருந்து உடம்பில் சேருவதைச் சோயா குறைக்கும்.

மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ உட்பட எதுவும் எடுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் 4 மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். ரத்தசோகைக்கும் சேர்த்து மருந்து வாங்கும் பெண்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளங்கையில் கொட்டி விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. விடிந்ததும் கேழ்வரகுக் கூழ் குடிக்கிற வீடுகள் இங்கே ஏராளம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. உடம்புக்கு அத்தனை நல்லது. மாத்திரை விழுங்கிய கையோடு குடிப்பதுதான் கூடாது. கூழை விட வேண்டாம், இடைவெளி விட்டால் போதும். ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதுவும் சிரமம். முதல் ஷிப்டுக்கு இருட்டோடு வேன் வந்துவிடுகிறது, டீ குடித்துவிட்டு ஏற வேண்டும். என்னிடம் தைக்கிற ஒரு பெண், மருத்துவரைக் கேட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடுவதாக மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அளவு கட்டுக்குள் வந்தது. அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பது இன்னும் எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

முட்டைக்கோஸ் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓசூர், சூளகிரிப் பக்கம் மூட்டை மூட்டையாக விளைகிற காய் அது. தைராய்டு என்று தெரிந்த அன்றே பல வீடுகளில் அதைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதைவிடக் கவலைப்பட வேண்டியது, அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறுவது. இந்துப்பில் அயோடின் மிகக் குறைவு. அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையைத் தடுக்க 1962-இலேயே மத்திய அரசு தனித் திட்டம் கொண்டுவந்து, அதன் வழியாகத்தான் அயோடின் உப்பு நம் சமையலறைக்கு வந்தது. வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால் அயோடின் இன்னும் அவசியம்.

இனி என் தங்கை மகளைப் பற்றி. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சுடிதாருக்கு அளவெடுக்கும்போது, "பெரியம்மா, பின்கழுத்தை இறக்காதீங்க, மேல ஏத்தி வைங்க" என்றாள். முடியைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தின் பின்பக்கம் வளையமாகக் கறுத்து, தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. அவள் அம்மா, கடலை மாவும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தாள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாமல், மேலும் மேலும் சுரப்பதால் வரும் கறுப்பு. நீர்க்கட்டி உள்ள பெண்கள் பலருக்கு இதுதான் அடிப்படை. அந்த இன்சுலின் அதிகமானால் சினைப்பையில் ஆண் ஹார்மோனும் கூடுகிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, வயிற்றைச் சுற்றி எடை ஏறுகிறது. பெரும்பாலும் எடைதான் முதலில் வீட்டாரின் கண்ணில் படுகிறது. எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

இப்படிக் கழுத்தை ஏற்றி வைக்கச் சொல்லும் பெண் பிள்ளைகள் இவள் ஒருத்தி மட்டும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் அப்படிக் கேட்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: தேய்க்காதீர்கள், சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள் என்று. சில அம்மாக்களுக்குக் கோபம் வருகிறது. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். ஆகாது. ஆறு மாதம் மாதவிலக்கு வராத பிள்ளையைக் கல்யாணப் பந்தலில் உட்கார வைப்பதற்கு முன் மருத்துவரிடம் உட்கார வையுங்கள். தைராய்டு குறைந்தாலும் மாதவிலக்கு தவறும் என்பதால், அதைப் பார்க்காமல் நீர்க்கட்டி என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்கேனில் தெரிவது அறுத்து எடுக்க வேண்டிய கட்டியும் இல்லை. முதிராமல் நின்றுபோன சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள். இந்தப் பிரச்சினை உலக அளவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யாரோ ஒருத்திக்கு வரும் சாபம் போல இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன ஒரு கணக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்பத் தொடங்கும். அவள் எடை 72 கிலோ. அப்படியானால் முதலில் மூன்றரை, நாலு கிலோ. "ஐம்பதுக்கு வா" என்று சொல்லி அவளை அழ வைத்துக்கொண்டிருந்த வீட்டில், "நாலு கிலோ குறை" என்று சொன்னதும் அவள் மறுநாளே கிளம்பிவிட்டாள். காலையில் நானும் அவளும் தென்பெண்ணை ஆற்றுப் பாலம் வரை நடக்கிறோம். என் மிஷினுக்கு மோட்டார் வைத்த பிறகு காலுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது; எனக்கும் நடை தேவைதான். களி உருண்டையை ஒன்றாகக் குறைத்து, குழம்பில் கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு என்று பருப்பு வகையைக் கூட்டினோம். தினம் ஒரு முட்டை. மாம்பழக் காலத்தில் முழுப்பழம் வேண்டாம், பாதிப் பழம், சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம். கடையில் வாங்கும் நிப்பட்டும் பிஸ்கட்டும் வீட்டுக்குள் வருவதில்லை. பட்டினி கிடக்கவில்லை. மெதுவாகத்தான் இறங்குகிறது. எனக்கு அந்த மிச்ச ஒன்பதில் ஆறு கிலோ இறங்க இரண்டு வருடம் ஆனது.

இத்தனைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். பார்த்தால்தான் அந்த அளவு சரியா என்று தெரியும். எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தனியார் ஆய்வகத்துக்குக் கை காட்டுகிறார்கள். இரண்டு மூன்று ஜாக்கெட் தைத்த கூலி அதற்கே போய்விடும். போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 2022-இல் திறந்தது, எங்கள் மாவட்டத்துக்கு அது பெரிய வரம். ஆனால் இரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்று பஸ் மாறிப் போனால் கூலிக்காரப் பெண்ணுக்கு மூன்று நாள் வேலை போகும். கர்ப்பமாக இருக்கும்போது தைராய்டு பார்க்கச் சொல்கிறார்கள். பிள்ளை பெற்ற பிறகு கேட்க ஆளில்லை. அதனால்தான் பலர் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வருடக்கணக்காக வாங்கிப் போடுகிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. அதன் பலனை என் வீட்டிலேயே பார்க்கிறேன். என் மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, "பாட்டி, ஒழுங்காப் போடறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார். மாமியார் ஒரு வேளை தவறவிடுவதில்லை. அதே வாசலில், அதே நேரத்தில், அதே மாதிரி ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டிய நானும் நின்றுகொண்டிருக்கிறேன். அந்தப் பையில் எனக்கு எதுவும் இல்லை.

முதல்வருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் உங்கள் இதழ் வழியாக நான் கேட்பது இதுதான். தைராய்டு குறைவுக்கு நாங்கள் போடும் லெவோதைராக்சின் மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற, விலை குறைந்த மருந்து. அதை அந்த மருந்துப் பையில் சேருங்கள். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டி.எஸ்.எச்.சுக்கு இரத்தம் எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ரிசல்ட்டைத் தன்னார்வலர் கையில் கொடுத்தால் எங்களிடம் வந்து சேர்ந்துவிடும். மாதவிலக்கு தவறுகிற, கழுத்து கறுத்த பெண் பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நடக்கும் மருத்துவ முகாம்களில் கவனித்து, சர்க்கரையும் தைராய்டும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். 2023-இல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தார்கள். அதை விளைவிக்கிற எங்கள் மாவட்டத்துக் கார்டுகளுக்கும் அப்படியே கொடுத்தால், அதோடு கொஞ்சம் கொள்ளும் பயறும் சேர்த்துக் கொடுத்தால், எடை குறைக்க எந்தப் பெண்ணும் பவுடர் டப்பா வாங்க வேண்டியிருக்காது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எடைக் குறைப்பு பற்றி எழுதும்போது, தைராய்டும் நீர்க்கட்டியும் உள்ளவர்களுக்கு என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, அரசு மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். மாத்திரையை எப்படிப் போடுவது, எத்தனை கிலோவை எதிர்பார்க்கலாம், எப்போது மறுபடி ரத்தம் பார்ப்பது என்பதெல்லாம் அதில் வரட்டும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் நின்று படிப்பார்கள்.

வாடிக்கையாளர்களை ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.