செயலாளர் ஆண்டறிக்கை: ஐந்து முனைவர்கள், ஒரு பாராட்டு விழா

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதம் ஒருமுறை கூடியது. நூலகப் பொறுப்பு கைமாறியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் பாராட்டு விழாவைப் பற்றித்தான்.

நம் உறுப்பினர்களில் ஐந்து பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள். மூவர் ஆங்கில இலக்கியம், இருவர் கல்வியியல். போன விழாவில் வாழ்த்துரைகள் நீண்டுபோய், பட்டம் பெற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் மிஞ்சியது. “ஆய்வேட்டின் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டீர்களே” என்று ஓர் உறுப்பினர் பொதுக்குழுவிலேயே கேட்டார். நியாயமான கேள்வி, மணி அடித்தவன் நான்தான். இம்முறை வாழ்த்துரை ஒன்றே ஒன்று. ஐவருக்கும் ஆளுக்கு இருபது நிமிடம். நிபந்தனை: ஆய்வேட்டைச் சுருக்கிச் சொல்லக் கூடாது, அதிலிருந்து ஒன்றை எங்களுக்குப் பாடமாக நடத்த வேண்டும்.

வாய்மொழித் தேர்வு முடித்து வந்தவர்களுக்கு மறுபடி ஒரு தேர்வா என்று செயற்குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. ‘டாக்டர்’ என்ற சொல்லே ‘கற்பி’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது, இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பட்டம் கற்பிக்கும் உரிமையோடு பிணைந்திருந்தது என்று தலைவர் எடுத்துச் சொன்னார். ஆய்வை முன்னிறுத்தும் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் உருவானது. ஆக்ஸ்ஃபோர்டு அதை ஏற்றது 1917இல்தான். கற்பித்தலும் புலமையின் ஒரு வகையே என்று 1990இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் வாதாட வேண்டிவந்தது. இவ்வளவும் கேட்ட பிறகு, சரி என்றார்கள்.

முதலில் கல்வியியல் முனைவர் ஒருவர் ‘காத்திருப்பு நேரம்’ பற்றி நடத்தினார். கேள்வி கேட்டதும் ஆசிரியர் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத மாணவர்களும் பேசுகிறார்கள். எங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா நின்றார். அரங்கமே நெளிந்தது. மூன்று விநாடி அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்புறம் ஆங்கில முனைவர். நாவலில் கதைசொல்லியின் குரலும் பாத்திரத்தின் குரலும் ஒன்றில் ஒன்று கலப்பது, ஜேன் ஆஸ்டின் அதைக் கையாண்ட விதம் ஆகியவை அவருடைய ஆய்வு. பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார்: “அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். இனி அவன் வரவே மாட்டான்.” இரண்டாவதைச் சொல்வது யார் என்று கேட்டார். கேட்ட கையோடு பதிலையும் சொல்லப் போனவரைப் பின்வரிசையிலிருந்து ஒரு கை தடுத்தது. கல்வியியல் முனைவர் மூன்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும், எந்தக் கூட்டத்திலும் பேசாத மூத்த உறுப்பினர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “நினைப்பு அவளுடையது. ஆனால் கதைசொல்லி அதை நம்பவில்லை போலிருக்கிறது.” அதிலிருந்து கிளம்பிய விவாதம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. நான் மணியைத் தொடவில்லை.

மற்ற மூவரின் பாடங்களும் நன்றாகவே அமைந்தன. கடைசியாகப் பேசியவருக்கு நேரம் குறைந்துபோனதற்கு என் கணக்குதான் காரணம். பாராட்டுச் சான்றிதழ் ஒன்றில் ஆய்வேட்டுத் தலைப்பைப் பிழையாக அச்சிட்டதும் என் கவனக்குறைவே. திருத்திய பிரதியைக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு விழாவை இரண்டு மாலைகளாகப் பிரிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஐந்து ஆய்வேடுகளின் பிரதிகளும் நூலகத்தில் இருக்கின்றன. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.