மல்லிகாவுக்கு, அந்த ரத்தப் பரிசோதனை பற்றி

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் உள்ளே மடித்து வைத்திருந்த செய்தி நறுக்கும் திங்கட்கிழமை கிடைத்தன. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கும் ரத்தத்திலுள்ள குளுட்டமேட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறது நறுக்கு. மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி சொல்ல உதவும் பொருள்தான் குளுட்டமேட், அஜினமோட்டோவிலும் இருப்பது அதுதான். அந்த நோய் உள்ள உன் மகனுக்கு ரத்தத்தில் குளுட்டமேட் பார்க்கலாமா, அஜினமோட்டோவை நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் ரத்த ஆய்வுக்கூடத்தில் குப்பையும் குப்பியுமாக இருந்தவளிடம்தான் கேட்டிருக்கிறாய், சரி.

முதலில் அஜினமோட்டோ. நாம் சாப்பிடும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துத் தீர்த்துவிடும். மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் மூளைக்குள் சுலபமாக நுழைய விடாமல் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. நீ சூப்பில் போட்ட சிட்டிகையால் அவனுக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பழியை நீயே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே.

குளுட்டமேட் மேல் சந்தேகம் வந்த கதை வேறு. 1950களில் பிசிபி என்றொரு மயக்க மருந்து வந்தது. மயக்கம் தெளிந்து எழுந்தவர்களில் சிலர் இல்லாததைப் பார்த்தார்கள், பயந்தார்கள், உளறினார்கள், கிட்டத்தட்ட இந்த நோய் போலவே. மூளையில் குளுட்டமேட்டுக்கு உள்ள என்எம்டிஏ என்ற வாசலை அது அடைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1980ல் ஜெர்மனிக்காரர்கள் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களின் தண்டுவட நீரில் குளுட்டமேட் குறைவு என்றார்கள். பின்னால் பார்த்த சிலருக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ரத்தத்தில் பார்த்தால் தலைகீழாக, பல ஆய்வுகளில் கூடுதல்.

இங்கேதான் என் கூடத்துப் புத்தி குறுக்கே வருகிறது. எடுத்த ரத்தத்தை உடனே இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் அதிலுள்ள குளுட்டமின் உடைந்து குளுட்டமேட்டாகும். சிவப்பணு உடைந்தாலும் எண் ஏறும். மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து சுழற்றிய குழாயும், எடுத்த கையோடு சுழற்றிய குழாயும் ஒரே ஆளுடையது என்று சொன்னால் நம்பமாட்டாய்!

நோய்க்கு மருந்து சாப்பிட ஆரம்பித்தபின் குளுட்டமேட் அளவு மாறுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இந்த மருந்துகளில் பல எடையைக் கூட்டும், வயிற்றில் கொழுப்பு சேர்ந்தாலும் ரத்தத்தில் குளுட்டமேட் கூடும். அப்புறம் அந்த எண் காட்டுவது மருந்து மூளையில் செய்ததையா, இடுப்பில் செய்ததையா? குளுட்டமேட் வழியாகவே வேலை செய்யும் மாத்திரை ஒன்றை எலி லில்லி (Eli Lilly) என்ற மருந்துக் கம்பெனி பெரிதாகச் சோதித்துப் பார்த்து, பலனில்லை என்று 2012ல் கைவிட்டது. மகனுடைய ரிஸ்பெரிடோன் மாத்திரையை வீட்டில் கூட்டவோ குறைக்கவோ அந்த எண் உதவாது. ரத்தம் எடுத்தே தீரவேண்டும் என்றால் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல், எடையையும் குறித்து வை. கேட்டால்தான் செய்கிறார்கள் சில இடங்களில்.

என் தம்பியை உனக்கு நினைவிருக்கும், அவனுக்கும் இதே நோய், தேசிய சேவை என்ற கட்டாயப் பணியில் இருந்தபோது ஆரம்பித்தது. அப்போது உட்பிரிட்ஜ் என்ற மனநல ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவே அம்மா கூசுவாள். பக்கத்திலிருந்த ஒரு மரப்பாலத்தால் வந்த பேர்தான் அது, ஆனால் ஊரில் வசவாகிவிட்டது. 1993ல் ஆஸ்பத்திரி புவாங்கோக்கில் புதுக் கட்டடத்துக்குப் போனபிறகும் டாக்சியில் ஏறி அவள் பக்கத்துத் தெருவின் பெயரைத்தான் சொல்வாள். இரண்டு மருந்துகள் பலிக்காமல் கடைசியில் குளோசபின் கொடுத்தார்கள். அதற்குத்தான் உண்மையிலேயே ரத்தம் பார்த்தே ஆகவேண்டும்: வெள்ளணு திடீரென்று விழுந்துவிடலாம். முதல் 18 வாரம் வாரா வாரம் எடுத்தோம். நான் தினமும் பத்துப் பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள், அவன் கையைப் பிடித்தால் மட்டும் விரல் நடுங்கும். வேறு ஆளைக் கூப்பிடுவேன். இடையில் ஒருமுறை நன்றாக இருக்கிறானே என்று நானே மாத்திரை விஷயத்தில் கண்டுங்காணாமல் இருந்துவிட்டேன். மூன்று வாரத்தில் கீழ்த்தளத்தில் நின்று காற்றோடு சண்டை போட்டான். அதை எழுத இன்னும் கை வரவில்லை, விடு.

இப்போது அவன் காலையில் நடக்கிறான், மாலையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். போன வாரம் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து, "இந்தப் பல்லுக்காரி யார்?" என்றான். நீதான்.

ஜூன் விடுமுறையில் மகனையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றாக உட்கார்ந்து கோப்பி குடிக்கட்டும். வரும் தேதியை முன்கூட்டியே சொல், தேக்கா சந்தையில் நல்ல நண்டு சொல்லிவைக்கவேண்டும்.

அன்புடன்,
சாந்தி