வாசிப்பு வட்டம், பர்மிங்ஹாம், அலபாமா: 2024 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாசாந்திரக் கூட்டம் வழக்கம்போல லைப்ரரி ரூம்ல நடந்துச்சு, பொங்கல், சித்திரை ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது, கணக்கு வழக்க பொருளாளர் சொல்வாங்க. நான் சொல்ல வேண்டியது வருஷம் முழுக்க நாம படிச்ச விஷயத்தப் பத்தி, அதாவது நாம குடியிருக்குற இந்த ஸ்டேட்ல கறுப்பின மக்கள் நிறப் பிரிவினைய எதிர்த்துப் போராடுனது இங்கத்த அரசியல என்ன பண்ணுச்சுன்னு. கறுப்பின மக்கள ஓட்டு போட விடாம தடுக்குறதத் தடை செஞ்ச வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட்ல கையெழுத்தாச்சு, நம்மள மாதிரி ஆளுங்க இங்க வர்றதுக்கு கதவத் தொறந்த குடியேற்றச் சட்டம் அதே வருஷம் அக்டோபர்ல, அதனால இது யாரோட கதையோன்னு நாம ஒதுங்க முடியாது.

மொதல் கூட்டங்கள் அலபாமா கவர்னரா இருந்த ஜார்ஜ் வாலஸ் பத்தியே போச்சு. 1958 கவர்னர் பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற ஓட்டெடுப்புல, கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி ஆதரவு அவருக்குத்தான், ஜெயிச்சது கூ க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆதரவோட நின்ன ஜான் பேட்டர்சன், அதுக்கப்பறம் வாலஸ் பிரிவினையவே கையில எடுத்து 1962-ல கவர்னர் ஆனாரு. தொடர்ந்து ரெண்டாவது தடவ நிக்க சட்டம் விடலன்னதும் 1966-ல மனைவி லர்லீன நிறுத்தி ஜெயிக்க வச்சாரு. 1982-ல அதே மனுஷன் கறுப்பின ஓட்டும் வாங்கி ஜெயிச்சாரு.

ஆனா மாற்றம் கவர்னர் நாற்காலியில இருந்து வரலங்க, கவுண்ட்டியில, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி இருக்குறதுல இருந்துதான் வந்துச்சு, இத நான் அழுத்திச் சொல்றேன். ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்குற போலீஸ் தலைவரான ஷெரிஃப் யாரு, ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்குற ஆள் யாரு, அதுலதான் எல்லாம் இருந்துச்சு. செல்மா இருக்குற டல்லஸ் கவுண்ட்டில ஓட்டு வயசுல சுமார் 15,000 கறுப்பின மக்கள், லிஸ்ட்ல இருந்தது சில நூறு பேர். 1965 மார்ச் 7 அன்னைக்கு செல்மா பாலத்துல, ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன ஜனங்கள ஸ்டேட் போலீஸோட சேந்து அடிச்ச ஷெரிஃப் ஜிம் கிளார்க் சட்டையில 'ஒருக்காலும் நடக்காது'ன்னு பேட்ஜ் குத்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. அடுத்த வருஷ பிரைமரில கறுப்பின ஏரியா பெட்டிகள எண்ணக்கூடாதுன்னு கவுண்ட்டி கட்சிக் கமிட்டி ஒதுக்கிப் பாத்துச்சு, ஃபெடரல் கோர்ட் எண்ணச் சொன்னதும் கிளார்க் தோத்தாரு. ஜெயிச்ச வில்சன் பேக்கரும் வெள்ளைக்காரர்தான், ஆனா கறுப்பின மக்கள்கிட்ட ஓட்டு கேக்காம இனி ஷெரிஃப் ஆக முடியாதுங்கறது அன்னைக்கு முடிவாயிடுச்சு.

பக்கத்து லௌண்டஸ் கவுண்ட்டிதான் எனக்கு மனசுல நிக்குது. ஜனத்தொகையில 80 சதவீதம் கறுப்பின மக்கள், 1965 தொடக்கத்துல ஒருத்தர் பேர் கூட லிஸ்ட்ல கெடையாது. பேர் சேத்த குத்தகைக் குடும்பங்கள பண்ணைக்காரங்க வெரட்டிவிட, 80-ம் நம்பர் ஹைவே ஓரம் டென்ட் போட்டுக் குளிர்ல கெடந்தாங்க, ஆனா பின்வாங்கல. அலபாமா டெமாக்ரடிக் கட்சியோட சின்னம் சேவல், அதுக்கு மேல வெள்ளையர் மேலாதிக்கம்னு வெளிப்படையா எழுதியிருந்தாங்க, அதுக்கு எப்படி ஓட்டு போடுறதுன்னு இவங்க தனிக்கட்சி தொடங்கி கருஞ்சிறுத்தைய சின்னமா எடுத்துக்கிட்டாங்க. சின்னம் பாத்து ஓட்டு போட்டுப் பழகுன நமக்கு இத யாரும் வெளக்கவே தேவைப்படல, அன்னைக்கு கூட்டம் முடிய ராத்திரி ஆயிடுச்சு. அந்த வாசகத்த கட்சி 1966-ல எடுத்துருச்சு. அந்த வருஷம் நவம்பர்ல லௌண்டஸ்ல தனிக்கட்சி சார்பா நின்ன எல்லாருமே தோத்தாங்க, ஆனா கட்சியத் தொடங்குனவங்கள்ல ஒருத்தரான ஜான் ஹ்யூலெட் 1970-ல அதே கவுண்ட்டிக்கு ஷெரிஃப். பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட் விட்டுக் குடுக்க மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸோட வக்கீல் ஃப்ரெட் கிரே சட்டசபைக்குப் போனதும் அதே வருஷம்தான்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்ல. வெள்ளையர் ஓட்டு கொஞ்சம் கொஞ்சமா ரிபப்ளிகன் பக்கம் சாஞ்சு 2010-ல சட்டசபையே அவங்க கைக்குப் போச்சு. 2013-ல வாக்குரிமைச் சட்டத்துல, ஓட்டு விதிய மாத்த மொதல்ல ஃபெடரல் அனுமதி வாங்க வேண்டிய ஸ்டேட்டுங்க எதுன்னு சொன்ன முக்கியமான பிரிவ சுப்ரீம் கோர்ட்ல ஒடைச்ச கேஸ் நம்மள்ல பாதிப் பேர் வீடு வாங்கியிருக்குற ஷெல்பி கவுண்ட்டி போட்டது, இது தெரியாம இருந்தவங்கதான் நம்மள்ல அதிகம். 2023-ல அதே கோர்ட் அலபாமாவோட காங்கிரஸ் தொகுதி வரைபடம் கறுப்பின ஓட்டோட பலத்தக் கொறைக்குது, அது தப்புன்னு சொல்லி, 2024 நவம்பர்ல புதுசா வரைஞ்ச 2-வது தொகுதியில கறுப்பினத்தவரான ஷோமாரி ஃபிகர்ஸ் ஜெயிச்சாரு.

செயற்குழு எடுத்த முடிவு: சிட்டிசன் ஆன உறுப்பினர்கள் பேர் ஓட்டர் லிஸ்ட்ல இருக்கான்னு பாக்க ஜனவரி கூட்டத்துல உதவி பண்ணுவோம், கவுண்ட்டி எலக்‌ஷன சேத்துதான் சொல்றேன். மார்ச்ல செல்மா, லௌண்டஸ் போறோம், சின்னப் பசங்களக் கூட்டிட்டு வாங்க, வேன் புக் பண்ணணும், அதனால பிப்ரவரி கூட்டத்துக்குள்ள பொருளாளர்கிட்ட பேர் குடுத்துருங்க.