தண்ணித்துறையில பேசினது ரிட்ரீட்ல மட்டும் கிடைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல மைண்ட்ஃபுல்னெஸ் (செய்யறத கவனத்தோட, தெரிஞ்சு செய்யற பயிற்சி) பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முழுக்க மலைமேல ரிட்ரீட், போன்ல ஆப், காதுல ஹெட்போன்னே போயிடுச்சு. விடிகாலையில மோட்டார் போட்டு டேங்க் ரொப்பி, டிபன் கட்டி, பசங்கள ஸ்கூல் பஸ்ல ஏத்திவிடற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதுல இடமே இல்லியா?

இருக்குங்க, அதுவும் டெல்லிக்காரங்களுக்கு உரிமையாவே இருக்கு. இந்தப் பயிற்சிக்கெல்லாம் அடிப்படையான சதிபட்டான சுத்தத்த (பாலி மொழியில சுத்தம்னா போதனை, சதிபட்டானம்னா விழிப்போட கவனிக்கற பயிற்சி) புத்தர் சொன்னது குரு நாட்டுல, கம்மாசதம்மம்ங்கிற ஊர்ல. குரு நாடுன்னா டெல்லி, ஹரியானா இந்தப் பக்கம்தான். அதுல மூச்சோட நிறுத்தல, நடக்கறது, கைய மடக்கறது நீட்டறது, மெல்லறது, முழுங்கறது, ஏன் கக்கூஸ் போறது வரைக்கும் தெரிஞ்சு செய்யுன்னு வருது.

பிக்குகளுக்குச் சொன்னதுதானேன்னு கேப்பீங்க. 5ஆம் நூற்றாண்டுல புத்தகோசர் (நம்ம காஞ்சிபுரத்துலயும் தங்கியிருந்தவர்) எழுதின உரையில, குரு நாட்டு வேலைக்காரங்க, தண்ணித்துறையில நிக்கற பொம்பளைங்க, நூல் நூக்கறவங்க கூட வெட்டிப்பேச்சு பேச மாட்டாங்களாம், நீ எந்த சதிபட்டானம் பண்றேன்னுதான் கேட்டுப்பாங்களாம், ஒண்ணும் இல்லன்னா உயிரோட இருந்தும் செத்ததுக்குச் சமம்னு திட்டு விழுமாம். கொஞ்சம் ஓவர்தான்! பிக்குணிகள் வளர்த்த கிளிகூட எலும்பு எலும்புன்னு சொல்லிட்டே இருக்குமாம் (உடம்ப எலும்பாப் பாக்கறதும் இந்தப் பயிற்சியில ஒண்ணு), ஒருநாள் பருந்து அத தூக்கிட்டுப் போக, அவங்க காப்பாத்தினப்புறம், என்ன நெனச்சேன்னு கேட்டா, எலும்புக்குவியல எலும்புக்குவியல் தூக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சேன்னுச்சாம். கதையாவே இருக்கட்டும், வீட்டு வேலை செய்யறவங்களுக்கும் இது உண்டுன்னு அப்பவே எழுதி வெச்சிருக்காங்கல்ல.

எங்க தெருவுக்கு வெயில் காலத்துல டேங்கர்தான். யாராவது க்யூவுல பூந்தா நெஞ்சுக்குள்ள குப்புன்னு வரும், கோபம் இருந்தா இருக்குன்னு தெரிஞ்சுக்கோன்னுதான் சுத்தம் சொல்லுது, சிரிச்சுக்கிட்டே நில்லுன்னு எங்கயும் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ரெண்டு வார்த்தை கேட்டுடுவேன், அது வேற விஷயம், ஆனா வீட்டுக்கு வந்து பசங்க மேல காட்டறதில்ல. அரிசி களையறப்ப கையில படற குளிர்ச்சியும் அப்படித்தான், முன்னாடி அது இருந்ததே எனக்குத் தெரியாது. இதே விஷயத்த சில ஆபீஸ்ல மத்தியானம் செஷனா நடத்திட்டு ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் கால் போடறாங்க, அது தாங்கிக்கோன்னு சொல்றதுக்கு வெச்ச பேரு, அதையும் உங்க கட்டுரை கேட்டிருக்கணும்.

இன்னொண்ணு, ஈஸ்ட் ஆஃப் கைலாஷ்ல இஸ்கான் கோயில் பக்கம் 1966ல கண்டுபிடிச்ச அசோகர் பாறைக் கல்வெட்டு இருக்கு. பெரியவங்களுக்கு மட்டும் இல்ல, சின்னவங்களும் முயற்சி பண்ணா சொர்க்கம் கிடைக்கும்னு அதுல இருக்கு. அடுத்த இணைப்புல ரிசார்ட் போட்டோவுக்கு பதிலா அந்தப் பாறையப் போடுங்க, கூடவே ஒரு வாட்ச்மேன், ஒரு வீட்டு வேலைக்காரம்மான்னு ரெண்டு பேர்கிட்டயாவது பேசி எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முனிர்கா, புது டெல்லி