6.8-ம் 104-ம்: எதை நம்புவது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் நோயாளிக்கு ஹெச்பிஏ1சி (சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எண்) 6.8, அதன்படி நீரிழிவு; வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, அதன்படி நீரிழிவு இல்லை; இதில் எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டையும் நம்பாதே.

முதலில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) பார். இரும்புச்சத்து குறைந்தால் புதுச் சிவப்பணுக்கள் வருவது குறையும். ரத்தத்தில் வயதான அணுக்களே மிஞ்சும். அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருப்பதால் ஏ1சி பொய்யாக ஏறிக் காட்டும். ரத்தம் ஏற்றியவருக்கும் சிவப்பணு சீக்கிரம் அழிபவருக்கும் இதற்கு நேர்மாறு, இறக்கிக் காட்டும்.

அந்த 104-ம் சந்தேகத்துக்குரியதுதான். பிரிக்காத ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால், அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். சாதாரணக் குழாயில் மூன்று மணி நேரம் போனால், நீரிழிவின் எல்லையான 126 இருந்தது 105-க்கு வந்துவிடும். நோயாளி 'தப்பித்து' விடுவார்! சாம்பல் மூடி ஃப்ளூரைடு குழாய் காப்பாற்றும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது சர்க்கரையை அணுக்கள் உடைக்கும் வேலையின் கடைசிப் படிகளில் உள்ள ஈனோலேஸ் என்ற நொதியைத்தான் தடுக்கிறது. அதற்கு முந்தைய நொதிகள் முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரையை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். குழாயை எடுத்தவுடன் ஐஸில் வைத்து, 30 நிமிடத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றி, அணுக்களிலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கச் சொல். சிட்ரேட் கலந்த குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்போதும் இரண்டும் ஒத்துவராவிட்டால் 75 கிராம் குளுக்கோஸ் சோதனைதான். முந்தைய மூன்று நாள் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். பட்டினி கிடந்து வந்தால் எண் பொய்யாக ஏறும். கரைசலை ஐந்து நிமிடத்தில் குடித்து, இரண்டு மணி நேரம் நடக்காமல் உட்கார வேண்டும். 200-ஐத் தொட்டால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்லாதே.

இதயத்துக்கு எதைப் பார்ப்பது என்றும் கேட்டாய். என் முதல் தேர்வு அப்போ பி, அதாவது எல்டிஎல் போன்ற கெட்ட கொழுப்புத் துகள்களில் இருக்கும் புரதம். நீரிழிவுக்காரர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறும், எல்டிஎல் துகள்கள் சிறுத்துவிடும். எல்டிஎல் கொழுப்பு 95 என்று சாதுவாக நிற்கும்போதே துகள் எண்ணிக்கை எகிறியிருக்கலாம். துகளுக்கு ஒரே ஒரு அப்போ பி. அதை அளந்தால் துகளையே எண்ணியது மாதிரி. எல்பி(ஏ) என்பது எல்டிஎல் மாதிரி இன்னொரு கொழுப்புத் துகள்; மரபுவழி வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டினால் கவனி. இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-ப்ரோபிஎன்பி 125-க்கு மேல் போனால் எக்கோ எடுக்கச் சொல். உடல் பருத்தவருக்கு அது குறைத்துக் காட்டும், சிறுநீரகம் பழுதானால் கூட்டிக் காட்டும். உடலின் அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி 10 தாண்டினால் அது இதயக் கணக்கில் சேராது. சளியோ காய்ச்சலோ இருந்ததா என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி எடு. அந்த நேரத்தில் ஃபெரிட்டினும் ஏறி இரும்புக் குறையை மறைத்துவிடும், மறந்துவிடாதே.

ஃபெரிட்டின் வந்ததும் எண்ணை எழுது. குழாய் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குப் பிரித்தது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்