மரத்தை மாசிக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவையாற்றில் 31 வருடமாகப் பெயிண்டர் வேலை செய்கிறேன். மார்கழி பிறந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கலுக்குள் முடித்துக் கொடு என்று பாதிப் பேர், தியாகராஜர் ஆராதனைக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று மீதிப் பேர். கதவு ஜன்னல் என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "மேலாக ரெண்டு கோட்டு எனாமல் இழுத்து விட்டுடுங்க." இந்தப் பேச்சை மாற்றச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு பழைய வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நல்ல தேக்கு வாசக்கதவு. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ அடித்த பிரவுன் பெயிண்ட் நிலையிலிருந்து வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. முழ நீளத் துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது, அங்கங்கே மஞ்சள் கறை. வெள்ளிக்கிழமை தவறாமல் நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற வீடு அது. விளக்கேற்றிய எண்ணெய்க் கையும் அங்கேதான் படும். அந்தப் பிசுக்கையும் கழுவவில்லை, பழைய எனாமலின் பளபளப்பையும் தேய்க்கவில்லை. அப்படியே மேலே அடித்துவிட்டார்கள். புதுப் பெயிண்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? வீட்டு அம்மா பெயிண்ட் கம்பெனியைத் திட்டினார். கம்பெனி மேல் தப்பில்லை.

முதலில் கழுவ வேண்டும். வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, ஒரு நாள் காயவிட வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்குத்தான் எல்லா இடத்துக்கும் பரவும். அப்புறம், பழைய பெயிண்டை முழுசாகச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறி, செல்லோடேப் ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் டேப்போடு வராவிட்டால் அது உறுதியாக இருக்கிறது. பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் போதும், அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. பொடிப்பொடியாக வருகிற இடத்தை மட்டும் மரம் தெரியச் சுரண்டி, ஓரங்களை 180, அப்புறம் 320 நம்பர் தாளில் சமப்படுத்த வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மாமா, "கண்ணை மூடிக்கிட்டுத் தடவுடா, விரல் தட்டினால் இன்னும் தேய்" என்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். மரம் தெரிகிற இடத்தில் முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அது காய்ந்த பிறகுதான் பள்ளங்களை அடைக்கிற பட்டி. பிரைமர் இல்லாத வெறும் மரத்தில் நேராகப் பட்டி பார்த்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், பட்டி வெடித்து விழும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் நிறைய இருக்கலாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மேல்பூச்சைச் சுரண்டினால் பாதிக் கதவுகளில் பச்சைதான் தெரியும். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தக் காலத்தில் அடியில் பூசிய ரெட் லெட் என்கிற சிவப்புப் பூச்சு ஈயமேதான். இதை மெஷின் வைத்துக் காய்ந்த நிலையில் தேய்த்தால் வீடெல்லாம் தூசு. தவழ்கிற குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நானும் சின்ன வயதில் தீ சீறுகிற புளோ லாம்ப் விளக்கை வைத்துப் பழைய பெயிண்டைப் பொசுக்கி எடுத்தவன். அந்தப் புகையை எத்தனை நாள் சுவாசித்தேனோ தெரியாது, யாரும் சொல்லவில்லை. இப்போது என் பையன்களை விடுவதில்லை. வாட்டர் பேப்பர் என்கிற, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்கிறோம். முகத்துக்குத் துண்டு போதாது, என்95 மாஸ்க் வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டியதை மூட்டை கட்ட வேண்டும். கொல்லையில் கொட்டாதீர்கள், மாடு நக்கும்.

இனி நாள் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கிறது. தாழ்ப்பாள் சேராத கதவைப் பார்த்தாலே தெரியும். மார்கழிப் பனியில் அது காயாது. அந்த ஈரத்தை உள்ளே வைத்து எனாமல் அடித்து மூடினால் சித்திரை வெயிலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதனால் பொங்கலுக்குச் சுவரை அடியுங்கள், மரத்தை மாசி பங்குனிக்கு விடுங்கள். அப்போது கதவைக் கீலிலிருந்து கழற்றி, அடி விளிம்புக்கும் பிரைமர் கொடுக்கலாம். கண்ணில் படாத அந்த விளிம்பை யாரும் பூசுவதில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

கூலி பேசும்போது கோட்டுக் கணக்கு மட்டும் பேசாதீர்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கழுவித் தேய்க்க நான்கு நாள், அடிக்க இரண்டு நாள் என்று கேட்கிற பெயிண்டர் உங்களை ஏமாற்றவில்லை. அந்த நான்கு நாளுக்குக் கூலி கிடையாது என்றால் அதை யார் செய்வார்?

அந்தத் தேக்குக் கதவு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். மாசி இரண்டாம் வாரம் கதவைக் கழற்றுகிறோம். அதுவரை பேரப்பிள்ளைகள் தொடாமலிருக்க, உரிந்த இடத்தில் பழைய கோரைப்பாய் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டர்,
திருவையாறு.