பொருள்: குறையுள்ள டயரை மாற்றித் தராமல் காரின் காம்பரை (முன்சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை) மாற்றிக் குறையை மறைத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: கோத்தகிரியில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்

மதிப்பிற்குரியீர்,

உங்கள் கோவைக் கிளையில் என் காருக்கு நான்கு அலாய் வீலும் நான்கு டயரும் வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டேன். முன்பு இருந்தது 14 அங்குல இரும்பு வீலில் 165/80 டயர். இப்போது 15 அங்குல வீலில் 185/65. சக்கரத்தின் மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் வித்தியாசம் வருகிறது. இதை முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. “நீங்கள் சைஸை மாத்துனதாலதான் மேடம்” என்று உங்கள் ஊழியர் ஒருவர் பின்னால் சொன்னார். அந்த சைஸைப் பரிந்துரைத்ததே உங்கள் கிளைதான்.

மாட்டிய அன்றே, காரமடை தாண்டிய நேர்ச்சாலையில் வண்டி வலப்பக்கம் போவது தெரிந்தது. ஸ்டியரிங்கில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலே நடுக்கோட்டை நோக்கி நகர்கிறது. சமவெளியில் இது தோள்வலியோடு போய்விடும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கீழே இறங்கும்போது வலப்பக்கம் என்றால் எதிரே ஏறி வரும் அரசுப் பேருந்தின் பக்கம். மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரங்களும் உண்டு. கண் மருத்துவமனைக்கு என் மாமியாரை இந்த வண்டியில்தான் அழைத்துப்போகிறேன். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். அதற்கு நான் இடப்பக்கம் ஒதுங்க முயலும் ஒவ்வொரு முறையும் வண்டி எதிர்த்திசையில் இழுக்கிறது. ஏதோ சின்ன அசௌகரியம் என்று நீங்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

புகாரோடு வந்தபோது வீல் அலைன்மென்ட் செய்தார்கள். அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கினார்கள். கணினித் திரையில் எல்லாம் பச்சையில் இருப்பதைக் காட்டி, “வண்டி பர்ஃபெக்ட்டா இருக்கு” என்றார்கள். அந்த இயந்திரம் அளப்பது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை. டயருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேலும், என் காரில் முன்சக்கரத்தின் டோவை (சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) மட்டுமே முறைப்படி திருத்த முடியும். டோ தவறினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் சீக்கிரம் தேயும். வண்டி விடாமல் ஒரே பக்கம் இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். தொழில் தெரிந்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகும் இழுப்பதாகச் சொன்னபோது கிடைத்த பதில்: “மலை ரோட்டுல எல்லா வண்டியும் இழுக்கத்தான் செய்யும் மேடம்.” தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்துக்குச் சரித்திருப்பார்கள். நாம் ஓட்டும் இடப்பாதி இடப்பக்கமாகத்தான் சரியும். ஆகவே சாலைதான் காரணம் என்றால் வண்டி இடப்பக்கம் போயிருக்க வேண்டும். என் வண்டி அந்தச் சரிவை மீறி வலப்பக்கம் போகிறது. மலை வளைவுகளில் சாய்வு மாறிமாறி வரும், உண்மைதான். அப்படியானால் இழுவையும் மாறிமாறி வர வேண்டும், வரவில்லை. மலைமேல் காற்றழுத்தம் மாறும் என்றும் சொன்னார்கள். மேட்டுப்பாளையத்தில் நிரப்பிய காற்று கோத்தகிரியில் உயரத்தினால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், குளிரினால் அதில் பெரும்பகுதி குறைந்தும் போகும். எப்படி மாறினாலும் நான்கு டயரிலும் ஒரே அளவில்தானே மாறும்?

இதற்குமேல் உங்களை நம்பியிருக்க முடியாமல், எங்கள் ஊரில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கிளையில் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது.

வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு காலையில் நான்கு டயரிலும் காற்றை அளந்தார், சமமாக இருந்தது. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் சற்று தூரம் ஓட்டிவந்து, இரண்டு முன்சக்கர டிஸ்க்குகளின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் ஒரு பக்கம் சிக்கியிருந்தால் அந்தப் பக்கம் கொதிக்கும். இரண்டிலும் ஒரே அளவு சூடுதான். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் சக்கரங்கள் தடையின்றிச் சுற்றின. அதன்பின், நான் வீட்டில் வைத்திருந்த பழைய இரும்பு வீல்களைப் பழைய டயர்களோடு அப்படியே மாட்டினார். வண்டி அம்பு போல நேராகப் போனது. வண்டியில் குறையில்லை என்று அத்தோடு முடிவாகிவிட்டது.

மறுபடி உங்கள் வீல்களை மாட்டி, முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் இடம் வலமாக மாற்றினார். உங்கள் டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி கிடையாது, அதனால் இப்படி மாற்றுவதில் தவறில்லை. இப்போது வண்டி இடப்பக்கம் இழுத்தது! சக்கரத்தோடு சேர்ந்து இழுவையும் பக்கம் மாறிவிட்டது. ஒவ்வொன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில், ஒரு குறிப்பிட்ட சக்கரம் பின்னால் போனதும் இழுவை ஏறக்குறைய நின்றது. வீலில் குறையா, டயரில் குறையா என்று பிரித்தறிய, நான்கு வீல்களின் பின்புறமும் நேர்கோல் வைத்து ஆஃப்செட்டை (வண்டியோடு பொருந்தும் பரப்பு வீலின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரத்தை) அளந்தார், நான்கும் ஒன்றே. பிறகு அந்த டயரைக் கழற்றி வேறொரு வீலில் போட்டார். இழுவை டயரோடு போனது, வீலோடு போகவில்லை.

தயாரிக்கும்போது டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிப் பட்டை ஒரு பக்கமாக விலகி அமர்ந்துவிட்டால் இப்படி நேரும் என்று அவர் விளக்கினார். வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் ஓடும்போது அது உருளையாக ஓடாமல் கூம்பாக ஓடுகிறது. டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிவிட்டால் வளைந்துதானே போகும், அதைப் போல. இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். டயரின் பக்கவாட்டில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் இருக்கிறதல்லவா, மூன்று டயர்களில் அது ஒன்றாக இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் ஆண்டே வேறு. ஒரே செட் என்று சொல்லி விற்றதில் இது எப்படி வந்தது என்பதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

என் உண்மையான புகார் இனிமேல்தான் வருகிறது. இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வந்தேன். அந்த டயரைச் சாக்கட்டியால் குறியிட்டும் காட்டினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார், வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார், மாலையில் “சரி பண்ணியாச்சு” என்று கொடுத்தார். வண்டி நேராகத்தான் போனது. டயர் மட்டும் அதே டயர், சாக்கட்டிக் குறி அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்து இரண்டு அலைன்மென்ட் அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் அறிக்கையில் முன்சக்கரம் இரண்டிலும் காம்பர் மைனஸ் 0.3 டிகிரி. புதியதில் இடது அப்படியே இருக்கிறது, வலது மைனஸ் 1.2. சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூணான ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, வலது சக்கரத்தின் மேற்பகுதியை உள்பக்கம் சாய்த்து முடுக்கியிருக்கிறார்கள். கெட்ட டயர் வலப்பக்கம் இழுக்கிறது, அதை ஈடுகட்ட நல்ல வண்டியை இடப்பக்கம் இழுக்க வைத்திருக்கிறார்கள். பழைய இரும்பு வீல்களை மாட்டிப் பார்த்தோம். முன்பு நேராகப் போன அதே வண்டி இப்போது இடப்பக்கம் போகிறது.

இதை எப்படிப் பழுது நீக்கியதாகச் சொல்ல முடியும்? சாய்ந்து ஓடும் வலது டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். உள்பக்கம் என்பதால் குனிந்து பார்க்காமல் தெரியவும் தெரியாது. நாளைக்கு வேறு டயர் மாட்டினால் வண்டி மறுபடி இழுக்கும், அப்போது பழி அந்த டயர் கடைக்காரர்மேல் விழும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பில்லில் ஒரு வரி எழுதாமல் என் வண்டியின் கோணத்தை மாற்ற உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? டயரில் குறை இருந்ததற்காக எனக்குக் கோபமில்லை, எந்தத் தயாரிப்பிலும் ஒன்றிரண்டு தவறும். தெரிந்தே மறைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது இவைதான். முன்சக்கர டயர்கள் இரண்டையும் ஒரே தயாரிப்பு வாரத்தைச் சேர்ந்த புதிய டயர்களாக மாற்றித் தர வேண்டும். தேய்மானம் சமமாக இருக்க ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. வலது காம்பரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, முன்னும் பின்னுமான அளவுகளை அச்சிட்டுக் கையெழுத்துடன் தர வேண்டும். அலைன்மென்ட்டுக்கு வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். புது டயர் போட்டபின் இழுக்கிறது என்று யார் வந்தாலும், இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் முன்சக்கரங்களை இடம் வலம் மாற்றி ஓட்டிப் பார்க்கும்படி உங்கள் எல்லாக் கிளைகளுக்கும் எழுதி அனுப்ப வேண்டும். கால் மணி நேர வேலைதான். மலைக்கு ஏறும் வண்டிகள் உங்களிடம் நிறைய வருகின்றன.

பில், இரண்டு அலைன்மென்ட் அறிக்கைகள், டயர்களின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன்பின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது.

குறையுள்ள டயரைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்ப அலுவலர் கோத்தகிரிக்கு வந்து, எங்கள் மெக்கானிக் முன்னிலையில் அதை மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். எந்த நாள் வருகிறார் என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்